நான் மாற்றிய ஓர் அடைமொழி

எங்கள் அச்சுத் தொழிலாளர் சங்கம் வருடத்துக்கு ஒரு மலர் போடுகிறது. அதற்குப் பொறுப்பாக இருக்கும் பெண் பூந்தமல்லியில் சொந்தமாக டிசைன் கடை வைத்திருக்கிறார். ஒரே வாரத்தில் மூன்று முறை என்னைப் போனில் பிடித்துவிட்டார்.

"அய்யா, கல்யாணப் பத்திரிகையில திருவளர்ச்செல்வி, திருநிறைச்செல்வின்னு போடறோமே, அதுக்கு அர்த்தம் இன்னா, இலக்கியத்துல எப்டி வருது, எப்ப எத்தப் போடணும்? நீங்கதான் எழுதித் தரணும். இப்ப வர்ற டெம்ப்ளேட்ல ரெண்டுமே கீது. கஸ்டமர் எது அழகா கீதோ அத்த தட்டிட்டுப் போறாங்க. யாரைக் கேட்டாலும் புலவரைக் கேளுன்றாங்க."

புலவர் என்பது நான்தான். படித்து வாங்கிய பட்டம் இல்லை. பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். அங்கே கேலியாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. ஒரு காலத்தில் அப்படிக் கூப்பிட்டால் உள்ளுக்குள் குளிரும். இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் வேறு பக்கம் பார்க்கத் தோன்றுகிறது. ஏன் என்று இதுவரை கடையில் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. அர்த்தம் எழுதச் சொன்னால் அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். வேண்டாம் என்றால் மலரில் இருந்து எடுத்துவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

முதலில் கேட்டதற்குப் பதில். திரு என்றால் செல்வம், மங்கலம், அழகு, திருமகள், எல்லாம்தான். திருவளர் என்றால் திரு வளர்ந்த, வளர்கிற, வளரப்போகிற என்று மூன்று காலத்துக்கும் ஒன்றாகப் பொருந்தும். திருநிறை என்பதும் அப்படியே. பழைய பாட்டுக்காரர்கள் ஒரு பெண்ணை வெறுமனே பெண் என்று சொல்லி அனுப்ப மாட்டார்கள். ஒளிவிடும் நெற்றி, வரிசையாய் அடுக்கிய வளை என்று முன்னால் ஒரு சொல்லை மாட்டித்தான் அனுப்புவார்கள். எங்கள் தமிழ் வாத்தியார் அதில் இரண்டு வகை சொல்வார். செந்தாமரை என்றால் வெண்தாமரையும் எங்கோ இருக்கிறது, அதிலிருந்து பிரித்துக் காட்டுகிறோம். செஞ்ஞாயிறு என்றால் கருஞாயிறு என்று ஒன்று இல்லை, அது வெறும் அலங்காரம். திருவளர், திருநிறை இரண்டுமே அலங்காரம்தான் என்று இலக்கணம் படித்தவர் சொல்லக்கூடும்.

ஆனால் பத்திரிகை வழக்கம் வேறு. நம் பக்கத்துப் பழைய குடும்பங்களில் பலர், இந்தப் பிள்ளைக்குப் பிறகும் வீட்டில் கல்யாணத்துக்குப் பிள்ளைகள் இருந்தால் திருவளர் என்று போடுவார்கள். இதுவே அந்த வீட்டின் கடைசிக் கல்யாணம் என்றால் திருநிறை என்று போடுவார்கள். எல்லாரும் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்கள் பத்திரிகையைப் பிரித்ததும் மாப்பிள்ளை பெயரைக்கூட விட்டுவிட்டு முதலில் இதைத்தான் பார்ப்பார்கள். "ஓ, அவங்க ஊட்ல இதோட முடிஞ்சிதா" என்பார்கள். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான்.

இனி என் கதை. பதினெட்டு வயதில் அம்பத்தூரில் ஒரு சின்ன அச்சகத்தில் ஈய எழுத்துக் கோக்கச் சேர்ந்தேன். எந்த எழுத்து எந்த அறையில் கிடக்கிறது என்று கைக்குப் பழக ஒரு வருடம், இடவலம் மாறிக் கிடக்கும் எழுத்தைப் படிக்க இன்னொரு வருடம். முப்பத்திரண்டு வயதில் பட்டாபிராம் கடைக்கு வந்தேன். ஆப்செட் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, நாற்பது வயதில் மவுஸைப் பிடித்தேன். அதற்கு மேல் என் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

முதலாளி தணிகாசலத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும். தப்பு செய்தவன் முன்னால் அந்தத் தாளை வைத்துவிட்டு, பேசாமல் போய்ப் பிளாஸ்கில் இருந்து டீ ஊற்றிக் குடிப்பார். அவர் குடித்து முடிக்கிறவரை நமக்கு உயிர் இருக்காது.

வீட்டுக்காரர்கள் எழுதிக்கொண்டு வரும் தாளுக்கு எங்களிடம் மேட்டர் என்று பெயர். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துவருவார்கள். அதை மடிக்கக் கூடாது, அதன் மேல் டீ கிளாஸ் வைக்கக் கூடாது. கோத்து முதல் புரூப் எடுத்ததும் முதலாளி வீட்டுக்காரரை எதிரில் உட்காரவைத்து வரிவரியாக உரக்க வாசிப்பார். தேதி, கிழமை, முகூர்த்த நேரம் மூன்றையும் சுவரில் தொங்கும் காலண்டரோடு ஒப்பிடுவார். தாய்மாமன் பெயர்கள் வரும் இடத்தில் நிறுத்திவிடுவார்.

"பெரிய மாமன் மொதல்ல வராரா, சின்ன மாமனா? நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு நைனா. அப்பால கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துல சண்டைன்னா என்னை இஸ்காத."

எல்லாம் சரி என்றால் அந்தப் புரூப்பிலேயே 'பார்த்தேன், சரி' என்று அவர்கள் கையால் எழுதவைத்துக் கையெழுத்து வாங்குவார். பிறகு அது மேசை ஓரத்துக் கம்பியில் ஏறும். அந்தக் கம்பியில் ஏறாமல் ஒரு தாள்கூட மெஷினுக்குப் போகாது.

எங்களுக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். "மேட்டர்ல கீறது ஊட்டுக்காரன் பேச்சு. உனக்கு டவுட்டுன்னா வாயத் தொறந்து கேளு. கையால மாத்தாத."

அதை நான் ஒருமுறை மீறி மாட்டிக்கொண்டேன். ஒருவர் சௌபாக்கியவதி என்று எழுதிக் கொடுத்திருந்தார். எனக்கு அப்போது தமிழ்ப்பற்று தலைக்கேறி இருந்த சமயம். அதைத் தூக்கிவிட்டுத் திருவளர்ச்செல்வி என்று போட்டேன். அவர் மனைவி கையெழுத்துப் போட வந்தவர், கவனிக்காமல் போட்டுவிட்டார். பத்திரிகை வீட்டுக்குப் போனதும் மனிதர் ஓடிவந்தார். "எங்கம்மா பத்திரிகையில, என் பொண்டாட்டி பத்திரிகையில, எல்லாத்துலயும் இருந்த வார்த்தைய்யா அது. உன்னை யாரு கேட்டது?" என்றார். முதலாளி அத்தனையையும் மறுபடி அடித்துக் கொடுத்தார். டீ குடித்தார். பிறகு என்னிடம் வந்து, "புலவரே, இன்னொரு வாட்டி இப்டி ஆச்சுன்னா நீ ஊட்லயே உக்காந்து எழுதிகினு இரு, இங்க வராத" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

அதிலிருந்து நான் கேட்கப் பழகினேன். பெண் வீட்டார் யார் வந்தாலும், "உங்க ஊட்ல இன்னும் கல்யாணத்துக்குப் பசங்க இருக்காங்களா?" என்று கேட்பேன். ஏன் என்பார்கள். உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு வளர், நிறை என்று பிரசங்கம் ஆரம்பித்துவிடுவேன். ஜனங்கள் வாய் பிளந்து கேட்பார்கள். ஐ.டி. வேலைக்காரர்கள் பிளாட்டில் இருந்து வந்து போனில் ரெக்கார்டு செய்துகொண்டு போவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதம். வைகாசி முகூர்த்தங்களுக்கான கூட்டம் கடை வாசல்வரை நின்றது. நெமிலிச்சேரியில் இருந்து ஒரு பெண் வந்தார். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றின் சாம்பல் நிறக் கோட்டைச் சேலைமேல் போட்டிருந்தார். முன்நெற்றியில் நரை. மாடல் ஆல்பத்தைப் புரட்டி ஐந்து நிமிடத்தில் ஒரு கார்டைத் தேர்ந்தெடுத்தார். கவர் கூடுதலாக வேண்டும் என்றார். "என் பேர் சுமதி. கல்யாணம் என் தங்கச்சி ரேவதிக்கு. மேட்டர் அப்பா எழுதினது" என்று தாளை நீட்டிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று ஓடினார்.

அப்பா பெயர் ஏகாம்பரம். நெமிலிச்சேரியில் ஏரி ஓரமாகப் பயிர் வைத்த பழைய குடும்பம். கோடு போட்ட தாளில், கோட்டை விட்டு இறங்கி இறங்கி எழுதியிருந்தார். எங்கள் இளைய குமாரத்தி திருவளர்ச்செல்வி ரேவதி என்று இருந்தது. மத்தியானம் அவரே போன் செய்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா இனிஷியல் தப்பாம், மாற்றச் சொன்னார். மாற்றினேன். போனை வைத்ததும் கண் திருவளர் மேல் விழுந்தது.

இளையவள் என்கிறார். மூத்தவளைக் காலையில்தான் பார்த்தேன், நாற்பதைத் தொடப்போகிறவர், கல்யாணமாகிப் பிள்ளைகள் பெரிதாகியிருக்கும். நம் ஜனத்தில் மூத்தவள் இருக்க இளையவளுக்குச் செய்வார்களா? அப்படியென்றால் இதுதான் கடைசிக் கல்யாணம். பாவம், பெரியவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. இப்படித்தான் என் புத்தி ஓடியது. அந்த அம்மாவின் கோட்டுக்குள் தாலி இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடம் கேட்கவும் இல்லை. பெரியவருடன் பேசி முடித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, திருப்பி ஒரு போன் போட்டிருக்கலாம். வளர் என்பதை அழித்து நிறை என்று அடித்தேன். ஒரு குடும்பத்துக்கு உபகாரம் செய்துவிட்டதாக வேறு நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை சுமதி புரூப் பார்க்க வந்தார். முதலாளி இன்னொரு குடும்பத்துக்கு வாசித்துக்கொண்டிருந்தார். "புலவரே, அவங்களுக்கு நீ படி" என்றார். இரண்டு மேசைக்கும் நடுவில் கை நீட்டும் தூரம்தான். நான் ராகமாக வாசித்தேன். திருநிறைச்செல்வி என்றதும் அவர் கையைத் தூக்கினார்.

"இருங்க சார். இன்னா படிச்சீங்க?"

"திருநிறைச்செல்வி."

"அப்பா வளர்னு எழுதியிருந்தாரே. நான் பாத்தேனே."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வளர் என்றால் இன்னும் இருக்கிறார்கள் என்று பொருள், நிறை என்றால் வீடு நிறைந்துவிட்டது, இதுதான் கடைசிக் கல்யாணம் என்று பொருள் என்று ஒரு மூச்சு விளக்கினேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள்கூடத் திரும்பிக் கேட்டார்கள். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எனக்கு இன்னும் ஆவலியே சார்" என்றார்.

அவர் தாளைப் பார்த்துக்கொண்டே, "இத்த யாரு மாத்தச் சொன்னது?" என்றார்.

பக்கத்து மேசையில் முதலாளியின் வாசிப்பு நின்றது. அவர் நிமிரவில்லை, வரியின் கீழ் விரலை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. வேறு கடையில் யார் வேலை கொடுப்பார்கள் என்ற ஒன்றுதான் தோன்றியது.

"அப்பாதாம்மா. நேத்து போன் பண்ணாரே, அப்ப சொன்னாரு" என்றேன்.

அவர் போன் செய்தது உண்மை. வீட்டிலும் சொல்லியிருப்பார். அதனால் பொய் நன்றாகப் பொருந்தியது. முதலாளி அடுத்த வரிக்குப் போனார்.

சுமதி தாளை மேசையில் வைத்தார். "அப்பாவே சொல்லிட்டாருன்னா சரி" என்றார். பேனாவை வாங்கி, பார்த்தேன், சரி என்று அச்சு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். "கவர் எப்ப வரும்?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். அப்போதுகூட ஓடிப்போய் வாசலில் நிறுத்திச் சொல்லியிருக்கலாம். நான் அடுத்த மேட்டரை எடுத்தேன்.

பத்திரிகை போன நான்காம் நாள் ஏகாம்பரம் தனியாக வந்தார். உயரமான மனிதர், தோளில் துண்டு, டி.வி.எஸ். வண்டியை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். முதலாளி மெஷின் ரூமில் இருந்தார். பெரியவர் பத்திரிகையைப் பிரித்து என் முன்னால் வைத்து, அந்தச் சொல்லின் கீழ் விரலை வைத்தார்.

"சார், இது நான் எழுதினது இல்லியே. வளர்னுதான் எழுதினேன். பெரியதுக்குத் திருத்தணி பக்கம் ஒரு எடம் பாத்துகினு கீறேன். அது சம்பாதிச்சு ஊட்டைத் தூக்கி நிறுத்திச்சு, அதான் நாள் தள்ளிப் போச்சு. படிக்கிற ஜனம் பெரியதும் கீதுன்னு தெரிஞ்சிக்கட்டும்னுதான் பாத்துப் பாத்து எழுதினேன்."

பிறகு அவரே கேட்டார். "சுமதிதான் மாத்தச் சொல்லிச்சா?"

நான் எழுந்து கம்பியில் இருந்து அந்தப் புரூப்பை உருவி அவர் முன்னால் வைத்தேன். மகளின் கையெழுத்தைப் பார்த்தார். கையெழுத்து மகளுடையதுதான், அதில் பொய் இல்லை. மிச்சமெல்லாம் நான் வாய் திறக்காமலே சொன்ன பொய்.

"மனசாரத்தான் சொல்லிச்சா?"

தலையாட்டினேன்.

பெரியவர் பத்திரிகையை மெல்ல மடித்து கவருக்குள் போட்டார். "அதுக்கே வேணான்னு ஆயிடுச்சு போல. எத்தினி பேரு முன்னால தட்டத் தூக்கிகினு வந்து நின்னுச்சு சார், பாவம். இனிமே நான் அத்தத் தொந்தரவு பண்ணக் கூடாது" என்றார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவந்தார். "நான் வந்து கேட்டேன்னு அதுகிட்ட சொல்லிடாதீங்க. அதுக்கு வலிக்கும்."

அப்பா தன்னைக் கணக்கில் இருந்து எடுத்துவிட்டார் என்று மகள் நினைத்தாள். மகள் தன்னையே எடுத்துக்கொண்டாள் என்று அப்பா நினைத்தார். ஒருவர் மனம் நோகக் கூடாது என்று மற்றவர் கேட்கவில்லை. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் பட்டாபிராமில் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

திருத்தணி இடத்தை அவர் அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. ரேவதி கல்யாணம் நன்றாக நடந்தது என்று கேள்விப்பட்டேன். சுமதி கல்யாணப் பத்திரிகைக்கு யாரும் எங்கள் கடைக்கு வரவில்லை. வேறு கடையில் அடித்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் திருநின்றவூருக்குச் சாம்பிள் கார்டு கொடுக்கக் காலை ரயிலில் போனேன். நெமிலிச்சேரியில் வண்டி சிக்னலுக்காக வெகுநேரம் நின்றது. ஸ்டேஷன் வெளியே பெரியவர் டி.வி.எஸ்.ஸில் மகளை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார். டிபன் பையை எடுத்து நீட்டினார், அவள் வாங்கிக்கொண்டாள். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கழுத்தில் தாலி இல்லை. எதிர்ப் பிளாட்பாரத்தில் வந்து நின்றவள் ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டு, "வணக்கம் சார்" என்று கையைத் தூக்கினாள். நான் செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

இப்படி ஆறு வருடம் ஓடியது. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை கிளம்பியிருக்கிறேன். இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது, ஆறிய புண்ணைக் கிளறுவானேன் என்று நின்றுவிடுவேன். ஆறியது அவர்கள் புண் இல்லை. எனக்கு மறந்துபோக வேண்டும் என்றிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் சுமதி கடைக்கு வந்தார். முழுக்க நரைத்திருந்தது. அப்பா இறந்து ஆறு நாள் ஆகிறது, பதினாறாம் நாள் கருமாதிப் பத்திரிகை அடிக்க வேண்டும் என்றார். முதலாளி அன்று முட்டி வலிக்கு ஆஸ்பத்திரி போயிருந்தார். அவர் கடையில் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்று கேட்காதீர்கள்.

மேட்டர் சுமதியின் கையெழுத்தில் இருந்தது. எங்கள் என்று எழுதி, ஒரு வார்த்தைக்கு இடம் விட்டு, தந்தை ஏகாம்பரம் என்று எழுதியிருந்தார்.

"இங்க இன்னா சார் போடறது? நீங்கதான் இதுல கெட்டிக்காரராச்சே."

"பாசமிகுன்னு போடலாம்மா. அன்புள்ளன்னும் போடறாங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "பாசம் இல்லாதவருன்னு சொல்ல மாட்டேன் சார். கடைசி வரைக்கும் என்னை வண்டியில கொண்டாந்து உட்டாரு. என் விசயத்துல மட்டும் கைய உட்டுட்டாரு. அத்தயும் என்கிட்ட சொல்லல, உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னாரு பாருங்க, அதான் மனசு ஆறல."

நான் சொன்னேன். உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன். வளரை அழித்தது நான், போனில் அவர் சொன்னது இனிஷியல் மட்டும், பொய் சொன்னது முதலாளிக்குப் பயந்து, பிறகு அப்பா வந்தார், கேட்டார், தலையாட்டினேன். எல்லாம் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "அப்பா வந்தாரா? இங்கயா?" என்றார்.

"இதோ, இங்கதாம்மா நின்னாரு."

"இன்னா கேட்டாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன். திருத்தணி என்றதும் நிறுத்தினார். "திருத்தணின்னா சொன்னாரு?" என்று இரண்டு முறை கேட்டார். தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது பாவம் என்று அவர் சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். அவர் கண் கலங்கவில்லை. மேட்டர் தாளின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தார்.

"ஆஸ்பத்திரில ராவும் பகலும் கூடவே இருந்தேன் சார். கேட்டுடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்டா அழுதுருவாருன்னு உட்டுட்டேன்." பிறகு என்னைப் பார்த்தார். "பட்டாபிராம்லருந்து நெமிலிச்சேரி ஒரு ஸ்டேஷன் சார். ஒரே ஒரு ஸ்டேஷன்."

"என்னை மன்னிச்சிடும்மா."

"நான் இன்னா சார் மன்னிக்கிறது? அப்பாகிட்ட சொல்லுங்க. பதினாறாம் நாள் வாங்க."

காலியாக விட்ட இடத்தில் ஒன்றும் வேண்டாம் என்று ஒரு கோடு இழுத்தார். எங்கள் தந்தை ஏகாம்பரம் என்று மட்டும் அடித்தேன். நான் அடித்த கடைசிப் பத்திரிகை அது. அந்த மாதத்தோடு வேலையை விட்டேன். முதலாளியிடம் கண் சரியில்லை என்று சொன்னேன். அதுவும் பொய்தான். அவர் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

பதினாறாம் நாள் போகாமல் இருந்துவிடத்தான் நினைத்தேன். கால் எப்படியோ கொண்டுபோய் நெமிலிச்சேரியில் விட்டது. தெருவை அடைத்துப் பந்தல். கூடத்தில் நாற்காலியின் மேல் ஏகாம்பரத்தின் படம், மாலை, முன்னால் படையல். சொந்தக்காரர்கள் சுவரோரமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ரேவதி மடியில் குழந்தையோடு இருந்தாள். அவர்கள் அம்மா படத்துக்குப் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். நான் படத்துக்கு முன்னால் நின்று கை கூப்பினேன். மனதுக்குள் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று கண்ணை மூடினேன்.

"கொஞ்சம் எல்லாரும் சும்மா இருங்க" என்று சுமதியின் குரல் கேட்டது. கையில் தண்ணீர்ச் சொம்போடு கதவருகில் நின்றிருந்தார். "இவரு பட்டாபிராம் பத்திரிகைக் கடைக்காரரு. அப்பாகிட்ட ஒண்ணு சொல்ல வந்திருக்காரு."

கூடம் அடங்கிப்போனது. இருபது முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள். வாழ்நாளெல்லாம் வார்த்தைகளோடு புரண்டவன், அன்று ஒன்றும் அகப்படவில்லை. இருந்த நாலு வார்த்தையைச் சொன்னேன்.

"அய்யா, ரேவதி பத்திரிகையில நிறைன்னு மாத்தினது நான்தான். சுமதி மாத்தச் சொல்லல. நீங்க கேட்டப்போ நான் பொய்யா தலையாட்டிட்டேன். உங்க பொண்ணு வேணான்னு சொல்லவே இல்ல."

ரேவதி குழந்தையை இறுக்கிக்கொண்டு அக்காவையே பார்த்தாள். சுமதி சொம்பைக் கீழே வைத்தார். அம்மாவின் தோளைப் பிடித்து என் பக்கமாகத் திருப்பி உட்காரவைத்தார்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க சார். அம்மாவுக்குக் காது கேக்காது" என்றார்.

நான் உரக்கச் சொன்னேன்.